புதுக் கம்ப்யூட்டருக்குள் அம்மாவின் பழைய கம்ப்யூட்டர்

கோட்டைமேடு,
கோயம்புத்தூர்.

அன்பு மகள் இல்மா கண்ணுக்கு, அத்தா அப்துல் குத்தூஸ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் கை, கால், வாய் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன, அதில் வாய் மட்டும் உன் அம்மாவுக்கு ஓவர்டைம் பார்க்கிறது. நீ அங்கே ஆக்லாந்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தினம் போனில் பேசுகிறவருக்கு எதற்குத் திடீரென்று கடிதம் என்று சிரிக்காதே. அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவன் பேனாவைப் பிடித்தால் காரணம் இருக்கும். போனில் பேசினால் உன் அம்மா சாஜிதா பேகம் பக்கத்தில் நின்று தொடையைக் கிள்ளுகிறாள், உண்மை பேச முடியவில்லை. பக்கத்து வீதி சஹீர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை உன் ஊருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுக்கும் பார்சலுக்குள் இதை மடித்து வைக்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரியாது.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். பெருநாளுக்கு நீ அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பிய புதுக் கம்ப்யூட்டர் சூப்பராக ஓடுகிறது என்று இரண்டு மாதமாகச் சொன்னோமே, ஓடவில்லை. வீடியோவில் நீ பார்த்தபோது பின்னால் ரோஜாப் பூ படம் பளபளவென்று எரிந்ததே, அது ஒன்றுதான் அதில் எரிந்தது. நீ போனை வைத்ததும் உன் அம்மா அதன்மேல் பழைய போர்வையைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் தைக்கப் போய்விடுவாள். பிள்ளை ஆசையாய் அனுப்பியிருக்குது, ஓடலைன்னு சொன்னா மனசு உட்டுருமுங்க, நீங்க வாயைத் தெறக்காதீங்க என்று எனக்கு உத்தரவு. நானும் திறக்கவில்லை. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அதனால்தான் திறக்கிறேன். பயப்படாமல் படி.

உனக்கு நம் பழைய கம்ப்யூட்டர் நினைவிருக்கும். எம்ப்ராய்டரி மெஷின் வாங்கிய வருஷம் கூடவே வந்தது. கம்பெனி ஆள் வந்து டிசைன் போடும் சாஃப்ட்வேரை இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். மூன்றாம் கிளாஸ் வரைக்கும் தமிழ் படித்த உன் அம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது, ஆனால் மேலே மூன்றாவதைத் தொட்டுக் கீழே ஏழாவதை அமுக்கினால் தையல் அடர்த்தி, ஐந்தாவதைத் தொட்டு இரண்டாவதை அமுக்கினால் திருப்பிப் போடுவது என்று இடத்தை வைத்தே மொத்தத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாள். ரொம்ப வேண்டிய இடங்களுக்கு நேராக ஸ்கிரீன் ஓரத்தில், சேலைக்கு வைக்கும் மினுமினுப்புச் சம்கி ஒட்டி வைத்தாள், சேமிப்பதற்குச் சிவப்பு, திறப்பதற்குப் பச்சை. டிசைனுக்குப் பெயர் எழுத வராது என்பதால் எல்லாம் நம்பர்தான். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் டிசைன், எந்த நம்பர் யாருடையது என்று ஒரு நோட்டு கிடையாது, எல்லாம் மண்டைக்குள். பத்து வருஷம் கழித்து ஒருத்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உங்களுது அறுநூத்தி நாப்பதுங்க, வாங்க என்பாள். எனக்கு நம் வீட்டுக் கதவு நம்பரே இரண்டு தடவை யோசித்தால்தான் வரும்.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் மதியம் புகை விட்டுப் படுத்துக்கொண்டது. நல்லவேளை நீ அனுப்பியது கைக்கு வந்திருந்தது. காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சீனிவாசலுவைக் கூப்பிட்டேன். அவனுக்கு வயது நாற்பத்தைந்து, வீட்டில் தெலுங்கு, நம்மிடம் நம்மைவிடக் கொங்குத் தமிழ். பழைய சிடியைப் போட்டான், புதுக் கம்ப்யூட்டர் இது இங்கே ஓடாது என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ஏனுங்க பாய், அந்தக் கம்பெனியே புதுசா ஒண்ணு உட்டிருக்குதுங்க, அதைப் போட்டுக்கலாமே என்று மாதிரிக்குப் போட்டுக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது. உன் அம்மா மேலே மூன்றாவதைத் தொட்டாள், அங்கே கீழே ஏழாவதே இல்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, நல்ல ஊடுதானுங்க, ஆனா எனக்கு இதுல வாசப்படி எங்கேன்னு தெரியலீங்க என்று எழுந்துவிட்டாள். சரி என்று பழைய சாஃப்ட்வேரிடமே, நீ இருப்பது பழைய விண்டோஸ் எக்ஸ்பியில்தான் என்று கம்ப்யூட்டரைச் சொல்ல வைக்கிற மாதிரி எங்கேயோ ஒரு டிக் போட்டான். உடனே திறந்துகொண்டது! பொய் சொல்லத் தெரிந்த கம்ப்யூட்டர், நம் வீட்டுக்கு ஏற்றதுதான் என்று சொன்னேன், உன் அம்மா கிள்ளினாள். மெஷினுக்கு டிசைன் கொண்டுபோகும் பென் டிரைவில் எல்லா நம்பரும் இருந்தன, அவற்றையும் உள்ளே ஏற்றிக் கொடுத்தான்.

இங்கேதான் உன் அத்தா தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினான். உன் அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, அவள் பால் வாங்கப் போன நேரத்தில் இஞ்ச் டேப்பை எடுத்துப் பழைய ஸ்கிரீனில் சம்கி இருந்த இடத்தை ஒவ்வொன்றாக அளந்து, புது ஸ்கிரீன் ஓரத்தில் அதே அளவில் ஒட்டிவிட்டேன். முப்பது வருஷம் டெய்லர், கால் இஞ்ச் தப்பாது. அளவு தப்பவில்லை கண்ணு, ஸ்கிரீன்தான் வேறு! அது அகலம், உள்ளே இருக்கிறது எல்லாம் இழுத்துப் போட்ட மாதிரி இடம் மாறிக் கிடக்கிறது. இது எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பொள்ளாச்சி மாசாணியம்மாள் ஆர்டர் இருந்தது. தேங்காய்க் களம் வைத்திருக்கிறார்களே, அவர்கள்தான். பெரிய மகள் கல்யாணத்துக்கு உன் அம்மா தென்னம்பாளை விரிந்த மாதிரி ஜாக்கெட் கையில் டிசைன் போட்டுக் கொடுத்தாள், நம்பர் நானூற்றுப் பதினேழு. இப்போது சின்னவளுக்குக் கல்யாணம், அக்காவுக்குப் போட்டதே வேணும், இல்லாட்டி மேடை ஏற மாட்டேங்கறா பாயம்மா என்று மாசாணியம்மாள் வந்து நின்றார். உன் அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து, சின்னவள் கை அளவுக்கு அதைத் திருத்தி, கடைசியாகச் சேமிக்கலாம் என்று என் சிவப்புச் சம்கியை நம்பி அமுக்கினாள். அங்கே இருந்தது மூடுகிற இடம். ஸ்கிரீன் இங்கிலீஷில் ஏதோ கேட்டது, வழக்கம்போல் ஒரு பக்கத்தை அமுக்கினாள், இரண்டு நாள் வேலையும் போனது. நான் ஒட்டினதுதான் என்று இஞ்ச் டேப்பை நீட்டி ஒப்புக்கொண்டேன். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. பரவாயில்லீங்க, அளவு சரியாத்தான் வெச்சிருக்கீங்க என்றாள். அந்த சாஃப்ட்வேர் வேறு அடிக்கடி தானாகவே மூடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் போர்த்திய போர்வைதான். மாசாணியம்மாளிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடலாம், இனிமேல் டிசைன் வேண்டாம், ஃபால்ஸும் பீகோவும் போதும் என்றாள். இல்மா, வீட்டில் அவள் சத்தம் குறைந்தால் எனக்குச் சோறு இறங்காது. கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருந்தது.

செத்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு உக்கடத்தில் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் உன் அத்தாவைப் பார்த்து, பெரியவருக்கு ஒண்ணு, பொட்டிக்கு ஒண்ணுங்களா என்றான். சீனிவாசலுவிடம் போய், டிசைன் போகட்டும், என் ஊட்டுக்காரி மனசொடிஞ்சு உக்கார்ந்துட்டா, அதுக்கு ஒரு வழி சொல்லு என்றேன். அவன் டீ ஆறும்வரை யோசித்தான். ஏனுங்க பாய், உள்ள டிஸ்க் நல்லா இருந்துச்சுன்னா, பழைய கம்ப்யூட்டரை அப்படியே முழுசா எடுத்துப் புதுசுக்குள்ள குடி வெச்சுப்போடலாமுங்க என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம், அது புதுக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பது போல நடிக்குமாம், அந்த நடிப்பை நம்பிப் பழைய எக்ஸ்பி முழித்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்குமாம். படித்த உனக்கு இது சாதாரணம். எனக்கு அன்று முழுக்கப் பஸ்ஸில் யார் தலையைப் பார்த்தாலும் இதற்குள்ளே இன்னொருத்தன் உட்கார்ந்திருப்பானோ என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். போர்வையை எடுத்தான். உன் அம்மா வெளியே வரவே இல்லை, சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் என்னென்னவோ தட்டினான், கறுப்பாக இருந்தது, அப்புறம் கணீரென்று அந்தப் பழைய பாட்டு, கம்ப்யூட்டர் முழிக்கும்போது வருமே, அது வந்தது பார், வெங்காயக் கையோடு ஓடி வந்தாள். ஸ்கிரீனில் பழைய படத்தின் பச்சை மேடும் நீல வானமும் அப்படியே இருந்தன. வெங்காயத்தால்தான் கண்ணில் தண்ணீர் என்றாள், நானும் நம்பிக்கொண்டேன். ஆனால் டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்தால், லாக் இல்லை என்று நின்றுவிட்டது. பென் டிரைவ் மாதிரி ஒரு லாக் உண்டே, அதைச் சொருகினால்தான் அது ஓடும். சொருகித்தான் இருந்தது, ஆனால் வெளியே இருக்கும் புதுசு அதைத் தானே பிடித்து வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதற்குக் கொடுக்கவில்லை. சீனிவாசலு ஒரு பட்டியலில் தேடி, இதை உள்ள குடு என்று டிக் போட்டதும் திறந்துகொண்டது. அடுத்து, படம் ஸ்கிரீன் முழுக்க வருகிற மாதிரி இழுத்து விட்டான். உன் அம்மா, வேண்டாமுங்க, பழைய அளவுக்கே சுருக்குங்க என்றாள். இத்தனை பெரிய ஸ்கிரீன் வீணாப் போகுமே அக்கா என்றான். எடம் இருக்குதுன்னு கட்டிலை நடு ஊட்டுல போட்டா, இருட்டுல யாருங்க முட்டிக்கறது என்றாள். அவன் சுருக்கச் சுருக்க, இவள் கண்ணை மூடிக்கொண்டு மௌசை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். இன்னும், இன்னும், கொஞ்சம் பெருசா, போதும் என்றாள். நான் இஞ்ச் டேப் வைத்தேன். பன்னிரண்டுக்கு ஒன்பது. பழைய ஸ்கிரீன் அளவு, ஒரு நூல் பிசகவில்லை! சீனிவாசலு டேப்பை வாங்கித் தானும் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, அக்கா, நீங்க என்ர கடைக்கு வேலைக்கு வந்துருங்க என்றான். முப்பது வருஷ டெய்லர் நான் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சம்கியை இந்தத் தடவை அவளே ஒட்டினாள், ஸ்கிரீன் கண்ணாடிமேலேயே, எனக்கு அந்தப் பக்கம் தடை. உள்ளே இருக்கும் பழையதை இன்டர்நெட்டில் மட்டும் விட வேண்டாம், அதற்கு இந்தக் காலத்து வைரஸைத் தாங்கும் சக்தி இல்லை என்று சொல்லியிருக்கிறான், மொத்தத்தையும் இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறான், இந்தக் கம்ப்யூட்டர் போனாலும் அடுத்ததில் குடி வைக்கலாமாம். நானூற்றுப் பதினேழு ஐந்தே நாளில் முடிந்தது. கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போனோம். அக்காவும் தங்கையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், இரண்டு பேர் கையிலும் ஒரே பாளை. எல்லோரும் பொண்ணைப் பார்த்தார்கள், உன் அம்மா கையை மட்டும் பார்த்தாள், நான் உன் அம்மாவைப் பார்த்தேன்.

இனிதான் நான் சொல்ல வந்தது. மறுநாள் மதியம் சாப்பிட வந்தால் மெஷின் ஓடுகிறது. ஆர்டர் எதுவும் இல்லையே என்று எட்டிப் பார்த்தால், வெள்ளைத் துணியில் ஆரஞ்சு நூலில் ஒரு பூனை, அதற்கு ஐந்து கால். இதென்ன சாஜிதா, ஒரு கால் வாலா என்று கேட்டேன். வால் அந்தப் பக்கம் தனியாக இருந்தது. இது ஒண்ணாம் நம்பருங்க என்றாள். கம்பெனி ஆள் போன மறுநாள், உனக்கு எட்டு வயது, அவள் மடியில் ஏறி உட்கார்ந்து மௌசைப் பிடுங்கி நீ போட்டதாம். அவளுக்கு அன்றைக்குச் சேமிக்க மட்டும்தான் தெரியும், சேமித்துவிட்டாள். புதுக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவள் முதலில் திறக்கப் பார்த்தது இதைத்தானாம், ஒவ்வொரு தடவையும் இதைத் தொட்டால்தான் சாஃப்ட்வேர் மூடிக்கொண்டதாம். ஆயிரம் டிசைன் போச்சே என்று துக்கத்தில் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாசாணியம்மாளுதை நாலு நாள் உக்கார்ந்தா மறுக்கா வரைஞ்சுபோடுவனுங்க, இதை யாரு வரையறது, அவளுக்கு இப்போ பூனைக்கு நாலு காலுன்னு தெரிஞ்சுபோச்சே என்றாள்.

அந்தத் துணிதான் பார்சலில் வறுவல் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. வறுவலை ஒரே நாளில் தீர்த்துவிடாதே, சஹீருக்கும் கொடு. கம்ப்யூட்டர் அனுப்பிய உன் கைக்கு அல்லாஹ் பரக்கத் தரட்டும், நல்ல சுகத்தையும் நல்ல மனிதர்களையும் உன் பக்கத்தில் வைக்கட்டும். தொழுகையை விடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஞாபகம் வைத்துக்கொள், அம்மா போனில் கேட்டால் பார்சலில் பூனை மட்டும்தான் வந்தது, கடிதம் எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டர் முதல் நாளிலிருந்தே சூப்பராக ஓடுகிறது என்று அவள் சொல்வாள், நீயும் அப்படியாம்மா என்று கேட்டுக்கொள்.

துஆவுடன்,
உன் அத்தா
அப்துல் குத்தூஸ்