நூற்றி அறுபத்தெட்டு நர்ஸுமாருக்க அளவு

ரோலா, ஷார்ஜா
20.11.2009

ஆண்டவருக்குள் பிரியமான எனக்க மக ஜெபிஷாவுக்கு,

கர்த்தர் கிருபையில இஞ்ச நானும் ருவைஸ்ல உனக்க அப்பாவும் சொகம். வெலிங்டன் காத்துல காத மூடி நடந்து, நேரத்துக்கு தின்னு நீயும் சொகமா இருப்பேண்ணு நம்புதேன். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலாம், டூட்டி மாத்திக் குடுத்திருக்காங்க, ஆனா டாக்டர் சொன்ன நடத்தம் மட்டும் நடக்க மாட்டாரு, நீ ஒரு வார்த்த சொல்லு. இனி விஷயத்துக்கு வாரேன். நம்ம தையல்கடையில எனக்கு ஒத்தாசைக்கு நிக்க ஷாஜினி உனக்கு ரெண்டு வரி மெயில் போட்டிருப்பா, முழுசும் நான் போன்ல சொன்னா அழுதுருவேன், அதான் பேப்பர எடுத்தேன்.

அஜ்மான்ல புதுசா திறக்குற ஆஸ்பத்திரிக்கு நூற்றி அறுபத்தெட்டு நர்ஸுமாருக்கு யூனிபார்ம் தைக்க எடுத்தோம்லா. ஒவ்வொருத்தியையும் திரைக்கு பின்னால நிறுத்தி நானே அளந்து நானே ரிஜிஸ்தர்ல எழுதினேன், அத பாத்துத்தான் ஷாஜினி நம்ம கடை கம்ப்யூட்டர்ல ஏத்துவா. போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு போய்ட்டு மத்தியானம் வந்து கடைய திறந்தா கணுக்கால் அளவு தண்ணி. மேல் பிளாட்டுல பைப்பு வெடிச்சு சீலிங் வழியா கொட்டியிருக்கு. கம்ப்யூட்டர் பெட்டி தரையில இருந்து ஊறிப்போச்சு, ரிஜிஸ்தர் டீயில முக்குன ரொட்டி கணக்கா உப்பி, ஜெல் பேனாவுல எழுதுனதெல்லாம் நீலமா பரந்து கிடக்கு. துணி மேல்தட்டுல இருந்து தப்பிச்சிட்டு, ஆனா அளவில்லாத துணிய வச்சு என்ன செய்ய. திறப்புக்கு பன்னெண்டு நாளுதான் இருக்கு. திரும்ப அளக்கலாம்னா பாதிப்பேர் அபுதாபியில டிரெயினிங்குல, கொஞ்சம் பேர் ஊருக்கு போனவங்க வரல்ல. நம்ம லைசென்ஸும் விசாவும் கையில வச்சிருக்க அரபி கஃபீல் வந்து பாத்தாரு. இந்த ஆர்டர் கைவிட்டு போச்சுண்ணா கடைய மூடிருவேன், தைக்கிற நாலு பேருக்கும் விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிஞ்சுண்ணு சொல்லிட்டு போனாரு. கட்டிங் மாஸ்டர் சுஐபு பாய்க்கு ஊர்ல மகளுக்கு இப்பத்தான் நிச்சயம் முடிஞ்சிருக்கு, மனுசன் கத்திரிக்கோல துணியில சுத்தி பைக்குள்ள வச்சிட்டாரு. எனக்கு வந்த வெப்ராளம் அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும்.

அப்பம் ஷாஜினி எனக்க கையப் பிடிச்சு, மாமி ஏசாம எனக்க கூட வாங்கண்ணு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல உள்ள இன்டர்நெட் சென்டருக்கு கூட்டிட்டு போனா. யாரோ பிலிப்பினோ பையன் எழும்பிப்போன சூட்டோட அந்த நாற்காலியில இருந்து என்னமோ தட்டுனா. தட்டுன உடனே மக்களே, வரிசையா வந்து நிக்கி. தோள், கை நீளம், இடுப்பு, இறக்கம், ஒண்ணு முதல் நூற்றி அறுபத்தெட்டு வர. நான் முதல்ல நம்பல்ல. நாப்பத்தி ஒண்ணாம் நம்பர காட்டு பிள்ளேண்ணேன். அந்த உயரமான பிள்ளைக்கு இடது தோள் அரை இஞ்சு தாழ்ந்து இருக்கும், அத நான் ஓரத்துல சின்னதா எழுதி வச்சிருந்தேன். அதுவும் இருக்கு, எனக்க வார்த்தையாவே இருக்கு. நம்ம கடையில நனைஞ்சு செத்தது, எந்த தேசத்துலயோ யாருக்கோ உள்ள கம்ப்யூட்டர்ல ஒரு சொட்டு நனையாம உயிரோட இருக்கு, ஊரு பேரு தெரியாத ஒரு நாற்காலியில இருந்து கூப்பிட்டாலும் வருது. கிளவுடுண்ணு நீ சொன்னப்ப, இந்த ஊர்ல வானத்துல கூட மேகத்த காணோமேண்ணு கேலி பண்ணுனேன்.

எப்படி பிள்ளே இதுண்ணு கேட்டப்பத்தான் அழுதுட்டே சொன்னா. ரிஜிஸ்தர் பக்கத்த வியாழக்கிழமைதோறும் உனக்கு ஸ்கேன் பண்ணி அனுப்புவாளாம், நீ அங்க இருந்து ஒவ்வொண்ணா அந்த கிளவுடுல ஏத்துவியாம். திருட்டுத்தனந்தான், ரெண்டு பேருக்கும் நேர்ல கண்டா முதுகுல ரெண்டு வச்சிருக்கேன். நீ லீவுல வந்தப்ப, சின்ன கடைக்காரங்களுக்கு இப்படி செஞ்சு குடுக்கதுதான் உங்க ஆபீஸ் வேல, நம்ம கடைக்கும் வைப்போம்ணு சொன்ன. பொம்பளைங்க மாரும் இடுப்பும் அளந்தது ஊரான் கம்ப்யூட்டர்ல கிடக்கவா, வெளிய போகாதுண்ணு நம்பித்தான அந்த பிள்ளைங்க எனக்க முன்னால வந்து நிக்கிண்ணு மாஸ்டரும் மத்தவங்களும் நிக்கும்போதே உன்ன ஏசினேன். நீ மூஞ்ச தூக்கிட்டு போன.

பத்து நாள் இரவு பகல் மெஷின் ஓடி, நூற்றி அறுபத்தெட்டும் குடுத்தாச்சு, நாலு விசாவும் நிலைச்சாச்சு. பில்லு எழுதும்போதுதான் கவனிச்சேன், அந்த லிஸ்டுல ஒருத்தி பேரு கூட இல்ல, ஆஸ்பத்திரி குடுத்த நம்பர் மட்டும். ஏன் பிள்ளே பேரில்லேண்ணு ஷாஜினிய கேட்டேன். அம்மா அந்த பிள்ளைங்களுக்கு வாக்கு குடுத்திருக்காங்க, அத நாம கெடுக்கக்கூடாது, பேரு மட்டும் ஏத்தவே கூடாதுண்ணு அக்கா சொன்னாங்கண்ணா. நான் பாத்ரூமுல போய் கதவ சாத்திட்டு அழுதேன். எல்லார் முன்னாலயும் ஏசினதுக்கு இப்பம் நான் மன்னிப்பு கேக்குதேன், பெத்தவ கேக்கப்படாதுண்ணு உனக்க அப்பா சொல்லுவாரு, கேட்டா என்ன.

நேத்து ஒரு புது நர்ஸு வந்தா. நானே ஒத்த விரலால தட்டி ஏத்துனேன். ஏத்துனது யாருண்ணு ஓரத்துல ஒரு கட்டம் இருக்கும்லா, அதுல மேல இருந்து கீழ வர ஜெபிஷா, ஜெபிஷா, ஜெபிஷா, கடைசியில சுகிர்தராணி.

கர்த்தர் உனக்க போக்கையும் வரத்தையும் காத்து, எடுத்த காரியத்த வாய்க்கப்பண்ணட்டும். வேர்க்குரு பொடியும் மிளகாப்பொடியும் பார்சல்ல வருது. ஜெபிக்க மறக்காத. இனி எல்லாம் நானே ஏத்திக்கிடுதேன், வியாழக்கிழமை உனக்கு அந்த வேல இல்ல. அந்த நேரம் எனக்கு போன் பண்ணு.

என்றும் உனக்காக ஜெபிக்கும் அம்மா,
யே. சுகிர்தராணி