சிலி நாட்டிலிருந்தும் தெரிந்த உன் மங்கல் புள்ளி

சதர்லண்ட், தென்னாப்பிரிக்கா
ஜூலை 14

அன்பு மகள் ரோசெல்டாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், இந்த ஜூலைக் குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோனதைத் தவிர ஒரு குறையும் இல்லை. நீயும் தெளிந்துவிட்டாய் என்பது நேற்று போனில் உன் குரலைக் கேட்டதுமே தெரிந்தது. உன் விண்மீன் திரள் நிஜம்தான், சிலி நாட்டுத் தொலைநோக்கியிலும் அதே இடத்தில் அதே முட்டை வடிவத்தில் மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னாயே, அப்படியே ஆட்டு ரோம மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அதை வாங்க வந்தவர், என்னம்மா, யாராவது போய்ட்டாங்களா என்று பதறினார். இல்லைய்யா, ஒண்ணு கிடைச்சிருக்கு என்றேன்.

போனில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். நம் மலைத் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் நீ கண்டது ஊர் விளக்கின் சிதறல், மூன்று வருடத் தேடலை மறந்துவிடு என்று உன் துறைத் தலைவர் சொன்னதாக மே மாதம் அழுதாய். அது என் விளக்குதானோ என்று அப்போதே எழுந்து கொட்டகைக்கு ஓடினேன். ஆட்டுத்தோல் இரண்டு முறை களவு போன ஆத்திரத்தில் பிப்ரவரியில், வெளிச்சம் சுற்றிலும் விழட்டும் என்று கொட்டகை விளக்கின் மூடியைக் கழற்றிப் போட்டவள் நான். தொலைநோக்கிக்கு வானம் இருட்டாக இருக்க, இந்த ஊரில் விளக்கு தரையைத்தான் பார்க்க வேண்டும் என்று தெரியாதவளா நான்? நீ படம் எடுத்ததும் அடுத்த மாதமே. உடனே மூடியை மாட்டிவிட்டு, மலைமேல் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜேகோபஸிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவன் சிரித்துவிட்டு, அக்கா, உங்க விளக்கு வானத்துல போய் முட்டை போடாது, ஆனா சத்தியமும் பண்ண மாட்டேன், பாப்பாவை வேற நாட்டுலேர்ந்து பார்க்கச் சொல்லுங்க என்றான்.

அதனால்தான் சிலியில் இருக்கும் உன் போட்டிக்காரி பிலாரிடம் கேள் என்று அத்தனை பிடிவாதம் பிடித்தேன். அவ முந்திக்குவாம்மா, உனக்கென்ன தெரியும் என்று என்மேல் பாய்ந்தாய். முப்பது வருடமாக ரோமம் விற்கிறேன், என் தராசில் நான் போட்ட எடையை எவன் நம்பினான்? வாங்குகிறவன் தராசிலும் அதே எடை நின்றால்தான் பேச்சு முடியும். என் விளக்கும் தப்பித்தது, உன் உழைப்பும் தப்பித்தது, நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நீயும் வேளைக்குச் சாப்பிடு. பிலார் நினைத்திருந்தால் தன் பெயரிலேயே அறிவித்திருக்கலாம், உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். கட்டுரையில் அவள் பெயரையும் போடு, கஞ்சத்தனம் பண்ணாதே. அவள் விலாசத்தை மறக்காமல் அனுப்பு, அந்த மலையிலும் குளிராம், நல்ல தோலாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். கர்த்தர் உன் கண்களைக் காக்கட்டும்.

என்றும் உன் அம்மா,
கத்ரீனா பெசாஸ்