ஏழாம் வாய்ப்பாட்டின் மெட்டு

அன்பு மகன் பிரபாகரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அய்யாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுதான் போன வாரமெல்லாம் படாத பாடு பட்டுவிட்டது. அங்கே நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் நிற்கிற நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே, அப்புறம் பேசுறேம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால்தான் லீவு முடிந்து உன்னிடத்துக்கே வேலைக்குத் திரும்புகிற சலாஹுதீன் கையில் கொடுத்துவிடுகிறேன். கூடவே நம் மிளகாயில் இடித்த பொடி இருக்கிறது, அதில் பாதியை அவனுக்கே கொடு. கண்மாய் நிறைந்துவிட்டது, பயிரும் பச்சையாக நிற்கிறது.

என்னைப் புதுமடம் பக்கம் கடலோரப் பள்ளிக்கு மாற்றியது உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு ஏறவே மாட்டேன் என்றது. கத்தினேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் நம் வயலில் களையெடுக்கும்போது பிச்சையம்மாள் முன்பாட்டுப் பாட மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்களே, அந்த மெட்டு ஞாபகம் வந்தது. பாதி வகுப்பு ஏழெட்டு என்று இழுத்தால் மீதி வகுப்பு ஐம்பத்தாறு என்று கைதட்டி முடிக்க வேண்டும். அட, என்ன மாயமோ, அந்த வாரமே அத்தனை பேருக்கும் வாய்ப்பாடு தண்ணீர் பட்ட பாடு! அதிலும் ஜோதிகா என்று ஒரு பிள்ளை, கூப்பிட்டால்கூட வாயைத் திறக்காதவள், அவள்தான் முன்பாட்டுக்காரி. எனக்குத் தலைகால் புரியவில்லை, உன் அய்யாவிடம் பெருமையடித்து அவர் காதே வலித்திருக்கும்.

போன வாரம் வாடைக்காற்று பேயாய் அடித்தது. ஜோதிகாவின் தகப்பன் காளிராஜ் நாட்டுப்படகில் போனவர், கூடப் போன படகெல்லாம் கரைக்கு வந்தும் அவர் வரவில்லை. வீட்டில் பெண்கள் கூடி வாசலையே பார்த்து உட்கார்ந்திருக்க, இந்தப் பிள்ளை மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, கைதட்டாமல் மெதுவாக இழுத்து ஏழாம் வாய்ப்பாட்டைப் பாடியிருக்கிறாள். நமக்குக் களையெடுப்புப் பாட்டு, அந்த ஊரில் அதே மெட்டை இழவு வீட்டில் மட்டும்தான் பாடுவார்களாம். எனக்கு எப்படியப்பா தெரியும்? வகுப்பில் கைதட்டி வேகமாகப் பாடியதால் அங்கே யாருக்கும் பிடிபடவில்லை. அவள் தாய் முருகம்மாள் ஓடிவந்து பிள்ளையின் வாயிலேயே அடித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நாலு பெண்களோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். எம் புருசன் இன்னும் கரை ஏறலையே டீச்சர், அதுக்குள்ள எம் புள்ள வாயால ஒப்பாரி வைக்க வச்சிட்டீகளே, நீங்க நல்லா இருப்பீகளா என்று கேட்டாள். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒரு புள்ள இந்தப் பள்ளிக்கூடத்து வாசப்படி மிதிக்காது என்று கூட வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். தலைமையாசிரியர் லீவு போட்டுவிட்டுப் போங்கள் என்றார். உன் அய்யாவோ, ஒனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை, நாளைக்கு அங்கன போகாத என்று குதித்தார். நான் போனேன். ஏன் தெரியுமா? அன்றைக்கு வீங்கிய உதட்டோடு வந்த ஜோதிகா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, நான் பாடுனதாலதான் அய்யா வரலையா டீச்சர் என்று கேட்டாள். இல்லத்தா, எஞ்சின்தான் நின்றிருக்கும் என்றேன், ஆனால் அவள் கண்ணைப் பார்க்காமல் நான் அதைச் சொன்னதை அவள் கவனித்துவிட்டாள். அப்புறம் அவள் பேசவே இல்லை. அந்த மனுசன் வராவிட்டால் இந்தப் பிள்ளை சாகிற வரைக்கும் தகப்பனைத் தன் வாயாலேயே அனுப்பிவிட்டோம் என்று நினைக்குமே, அதை யார் வந்து அழிப்பது? நம் குலசாமியைக் கும்பிட்டேன், தர்காவுக்கு நேர்ந்துகொண்டேன், அந்தோணியாரையும் விடவில்லை. வகுப்பில் பாட்டு இல்லை. ஏழெட்டு என்று கேட்டால் தெரிந்த பிள்ளைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு ஜோதிகாவைப் பார்த்தார்கள். வெளியே பைக் சத்தம் கேட்டாலே, கெட்ட செய்திதானோ என்று வாசலுக்கு ஓடுவேன்.

கடைசியில் நல்ல செய்தி தலைமையாசிரியர் போனுக்குத்தான் வந்தது. எஞ்சின் நின்று, காற்று தெற்கே வெகுதூரம் இழுத்துப் போன படகைத் தங்கச்சிமடத்துக்காரர்கள் பார்த்துக் கட்டி இழுத்து வந்துவிட்டார்களாம். நான் பிள்ளைகள் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன், எனக்கு வெட்கமே இல்லை. ஆனால் தகப்பன் வந்தும் ஜோதிகா வாய் திறக்கவில்லை. அதனால் காளிராஜே உப்பில் வெடித்த உதட்டோடு பள்ளிக்கு வந்தார். என்னைத் திட்டத்தான் வாரார் என்று நினைத்தேன். அவர் நேரே மகளின் பெஞ்சுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, ஏத்தா, அந்த வாய்ப்பாட்ட எங் காதுபடப் பாடு என்றார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். நான் இருக்கேன்ல, என் மூஞ்சியப் பாத்துப் பாடு என்றார். தேம்பித் தேம்பி, அதே இழவு மெட்டில், ஏழோரேழு ஏழிலிருந்து ஏழுபத்து எழுபது வரைக்கும் தகப்பன் முகத்தைத் தொட்டுக்கொண்டே பாடி முடித்தாள். வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி முருகம்மாள் நின்றாள். அவர் எழுந்து என்னைப் பார்த்து, எனக்கான ஒப்பாரிய நானே கேட்டாச்சு டீச்சர், இனி எமன் வந்தா, ஏற்கெனவே பாடியாச்சுப்பா, போயிட்டு வான்னு சொல்லிருவேன் என்றார். அதைக் கேட்டு முதலில் சிரித்தது ஜோதிகாதான்.

முருகம்மாள் இன்னும் என் முகம் பார்த்துப் பேசவில்லை, அவள் கோபம் நியாயம்தான். பாட்டை நான் விடப்போவதில்லை. ஆனால் இனி எந்த மெட்டானாலும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மாரிடம் முதலில் பாடிக் காட்டிவிட்டுத்தான் வகுப்புக்குள் கொண்டுபோவேன்.

ராசா, நீ நிற்பதும் கடல்தான். உன் போன் வராத நாளெல்லாம் நானும் ஒரு முருகம்மாள்தான், யாரை அடிப்பது என்று தெரியாமல் அடுப்படியில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, பேச ஒன்றுமில்லை என்றால் இருக்கேம்மா என்று மட்டும் சொல், போதும். நோய்நொடி அண்டாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
ம. கனகலட்சுமி