கடைசி நாற்பது விநாடிகள்

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று வகுப்பில் மாதிரித் தேர்வு வைத்தேன். நாற்பத்திரண்டு விடைத்தாள்களில் முப்பத்தெட்டில் ஒரே தப்பு. அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது கழித்தல் குறியை மாற்றவில்லை. காப்பியடித்துவிட்டார்கள் என்று கத்தினேன். முன் பெஞ்சுப் பெண் எழுந்து, "நீங்கதான் டீச்சர் வீடியோவுல அப்படிப் போட்டீங்க" என்றாள். அந்தப் பாடத்தை நான் வகுப்பில் நடத்தவில்லை, நீ வேலை பார்க்கிற கம்பெனியின் வீடியோவில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

என் மூஞ்சியைத் திரையில் பார்க்க எனக்குக் கூச்சம். நேற்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக, பாடத்தின் கடைசிக் கணக்கில் வேண்டுமென்றே ஒரு தப்புப் போடுவேன். கண்டுபிடிக்கிற பிள்ளைக்குத்தான் போர்டைத் துடைக்கிற உரிமை. அதற்காகவே கண்கொட்டாமல் கவனிப்பார்கள். கரும்பலகை போய் வெள்ளைப் பலகை வந்தது, புரொஜெக்டர் வந்தது, தொடுதிரை வந்தது. அந்த வழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. உங்கள் கம்பெனிக்குப் பாடம் பதிவு செய்தபோதும் "எங்கே தப்பு?" என்று கேட்டு, பிறகு திருத்தினேன். வீடியோவில் தப்பு மட்டும் இருக்கிறது. கேள்வியும் திருத்தமும் எங்கே போயின?

கலங்கிப்போயிருக்கும்,
அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். வெட்டியது நான்தான்.

ஒன்பது நிமிடத்துக்கு மேல் பிள்ளைகள் பார்ப்பதில்லையாம். கடைசிக் கணக்கு முடிந்ததும் மீதி நாற்பது விநாடியை வெட்டச் சொன்னார்கள் கம்பெனியில். உன் அறுபது பாடங்களையும் ஒரே மூச்சில் வெட்டினேன், எதையும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. உன் வழக்கத்தைப் பற்றி நீ அப்போதே சொன்னாய். நான்தான் "சரிக்கா" என்றேன். பார்த்தவர்கள் பன்னிரண்டாயிரம் பிள்ளைகள்.

மேனேஜரிடம் சொன்னேன். "சத்தமில்லாம வேற வீடியோ மாத்திடு. விஷயம் வெளிய போச்சுன்னா நீயும் வெளியதான்" என்கிறார். ஏற்கெனவே பார்த்தவர்கள் திரும்பப் பார்க்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? கொஞ்ச நாள் பேசாமல் இரு அக்கா.

தம்பி

பிப்ரவரி 15

தம்பிக்கு,

பேசாமல் இருக்கச் சொல்கிறாய். தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள். என்னை நம்பித் தப்பைப் படித்த பிள்ளைகள் அதையே போய் எழுதுவார்கள்.

உன் மூத்தவளும் அந்த வீடியோவைத்தான் பார்க்கிறாள். அவளைக் கூப்பிட்டு ஒரு அடைப்புக்குறியைப் பிரிக்கச் சொல். அதன்பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

அக்கா

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

மூத்தவளிடம் கணக்கைக் கொடுத்தேன். அதே தப்பு. கேட்டதற்கு, "அத்தை இப்படித்தாம்ப்பா சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள்.

வெட்டிப்போட்ட துண்டுகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "எங்கே தப்பு?" என்று கேட்டுவிட்டு, யாருமில்லாத அறையில் காத்துக்கொண்டு நிற்கிறாய். பிறகு "சபாஷ், வந்து போர்டைத் துடை" என்கிறாய். அறுபது தடவை. எனக்குத் தாங்கவில்லை.

அறுபதையும் சேர்த்து, இது எங்கள் தவறு என்று மேலே எழுதி, பன்னிரண்டாயிரம் பேருக்கும் அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையிலேயே மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

தம்பி

பிப்ரவரி 26

என் செல்லத் தம்பிக்கு,

குடும்பத்தோடு இங்கே வந்துவிடு. மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பியதைப் பார்த்துவிட்டு, பழைய பாடங்களையும் திரும்பப் போட்டுப் பார்த்து, ஒரு பிள்ளை எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. முப்பத்தோராவது பாடத்தில் இரண்டாவது கணக்கும் தப்பாம், அதை நான் திருத்தவே இல்லையாம். போட்டுப் பார்த்தேன். உண்மைதான். அது நான் வேண்டுமென்று போட்ட தப்பு இல்லை. உன் மேனேஜரையே கூப்பிட்டு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டு, அந்தத் திருத்தத்தையும் எல்லாருக்கும் அனுப்பவைத்தேன்.

கடிதத்தின் கீழே அந்தப் பிள்ளை பேரும் எழுதவில்லை, ஊரும் எழுதவில்லை. "நான் வந்து போர்டைத் துடைக்கலாமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டிருக்கிறது. யாரென்று எப்படியாவது கண்டுபிடி. அதுவரை என் வகுப்புப் போர்டை யாரையும் துடைக்க விடமாட்டேன்.

அக்கா