பள்ளித் தோட்டத்து விதைப்பூசணியை யாம் உண்டது குறித்து

வானம் கனிக, ஆவினம் பெருகுக. நீர்மருது நாட்டை இருபத்தாறு ஆண்டுகளாகக் காத்து வருபவளும், மூவாற்றுத் தலைவியும், வேழப்படை உடையாளுமாகிய கோமகள் வானவை நாச்சி, கொன்றைமேட்டு நாடுகாவலர் ஏகவீரனார்க்கு விடுக்கும் ஓலை. உம் இல்லத்தாரும் உம் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்களும் நலமுற்றிருக்க வாழ்த்துகிறோம். இரண்டாம் ஆண்டாக மழை பொய்த்த ஊர்களுக்கு இவ்வாழ்த்தை எழுதவும் எமக்குச் சலிப்பாயிருக்கிறது. ஆயினும் முறையை விடுவதற்கில்லை.

சென்ற திங்கள் நீர் அனுப்பிய வெண்பூசணி அரண்மனை வந்து சேர்ந்தது. கொன்றைமேட்டு ஊர்ப்பள்ளி மாணாக்கர் தம் தோட்டத்தில் விளைத்தது என்றும், இருவர் தூக்கவேண்டிய பாரமுடையது என்றும் எழுதியிருந்தீர். அதை மோர்க்குழம்பாக்கிப் படைத்தனர். நெடுநாளாக நாவில் சுவையே தட்டாதிருந்த யாம் மறுமுறையும் கேட்டு வாங்கி உண்டோம். அம்மகிழ்ச்சியில் உமக்குப் பட்டாடையும் ‘தோட்டம் புரந்தார்’ என்னும் பட்டமும் அளித்து, இனிப் பருவந்தோறும் அத்தோட்டத்தின் பெருங்காயை அரண்மனைக்கே அனுப்புக என ஆணையும் பிறப்பித்தோம். யோசியாமல் பிறப்பித்த ஆணை அது.

நேற்று அப்பள்ளியிலிருந்து ஓர் ஓலை வந்தது. உமைநங்கை என்னும் பதினொரு வயதுச் சிறுமி எழுத, முப்பத்தெட்டு மாணாக்கரும் பெயர் பொறித்திருந்தனர். உம்மைப் பற்றி அதில் ஒரு குறையும் இல்லை; அதுவே எமக்கு அதிகம் உறைத்தது. கிணறு வற்றியபின் தாங்கள் மதிய உணவுண்டு வரிசையாக வந்து கொடியின் அடியிலேயே கை கழுவியதாகவும், கத்தரியும் அவரையும் கருகிப்போக, ஒரே ஒரு பூசணிக்கொடி மட்டும் அந்நீரில் பிழைத்து ஒரு காய் காய்த்ததாகவும் தெரிவித்திருந்தனர். விதைக்கு விடும் காய்க்குச் சுண்ணாம்புப் பொட்டு இடுவது அவ்வூர் வழக்கம். பொட்டிட்ட காயில் எவரும் கைவைப்பதில்லை. இக்காய்க்கும் பொட்டிட்டிருந்தனராம். இப்போது கொடியும் வாடிப்போயிற்று, வேறு விதையும் இல்லை, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் காயும் இல்லை என்பதால், அரண்மனைச் சமையற்கட்டில் விதைகள் எஞ்சியிருந்தால் தந்தருள வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டிருந்தனர்.

அப்பொட்டை நீரே உம் மேலாடையால் துடைத்தீர் என்று காயைச் சுமந்து வந்தவர்கள் கூறினர். கோமகளுக்குச் செல்லும் காயில் கறை இருக்கலாகாது என்றும் சொன்னீராம். உழவர் குடியில் பிறந்த உமக்கு அது கறையன்று என்பது தெரியாதா? உம்மீது சினங்கொள்ளவும் எமக்குத் தெம்பில்லை. சினங்கொள்ளும் தகுதியும் இல்லை.

யாமே சமையற்கட்டுக்குச் சென்று கேட்டோம். விதைகளை உப்பிட்டு வறுத்து அன்றே அவைக்கு அனுப்பிவிட்டதாகச் சமையல் தலைவி கூறினாள். அதன்பின்னரே எமக்கு நினைவு வந்தது. அன்று, மழை பொய்த்த ஊர்களுக்கு என்ன செய்வதென்று அமைச்சர்களுடன் பொழுது சாயும்வரை பேசியிருந்தோம். நடுவே ஒரு தட்டு இருந்தது. பேசியபடியே எல்லோரும் எடுத்துக் கொறித்தோம். முடிவு ஒன்றும் எட்டவில்லை. தட்டு மட்டும் காலியாயிற்று. வெட்கமாயிருக்கிறது, ஏகவீரனாரே.

ஆகவே பெருங்காய் அனுப்பும் ஆணையை இதனால் நீக்கினோம். உம் பட்டத்தையும் திரும்பப் பெற்றோம். அரண்மனைக் களஞ்சியத்து வெண்பூசணி விதை ஒரு படி இவ்வோலையுடன் வருகிறது. இது ஆற்றுநீர் தாராளமாகக் குடித்து வளர்ந்த இனம். அவர்கள் இழந்ததற்கு ஈடென்று சொல்ல எமக்கு வாயில்லை. அக்கிணற்றில் ஊற்றுத் திரும்பும்வரை, உம் மாளிகைக் குளத்திலிருந்து நாள்தோறும் இருபது குடம் நீர் அத்தோட்டத்துக்குச் செல்லுக.

விதையை ஏவலரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். நீரே நடந்து சென்று, உமைநங்கையின் கையில் கொடுத்து, இவ்வோலையை முப்பத்தெட்டுப் பேரும் கேட்க வாசிப்பீராக. வறுத்துத் தின்றது யாம் என்னும் இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டாம். பிள்ளைகள் அழுதால், ஆறுதல் சொல்ல முற்படாமல், அவர்கள் அழுது முடிக்கும்வரை அங்கேயே நிற்பீராக.

ஆட்சியாண்டு இருபத்தாறு, கார்த்திகைத் திங்கள் ஒன்பதாம் நாள், எம் கையாலேயே வேழ இலச்சினை இட்டோம். இது ஆணை.