குழாயோரப் புரட்சி

நவம்பர் 11, திங்கள்
இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்கு அவமானமாக இருந்தாலும். முதல் நாளே அவமானம்தான்.

நான்கு வருடமாக வகுப்புத் தலைவி நான். இன்று காலை கவிழ்த்துவிட்டார்கள். கரும்பலகையில் கோரிக்கைகள்: ஒன்று, எல்னுரா, அதாவது நான், இறங்க வேண்டும். இரண்டு, அறையைச் சூடாக்கும் ஜன்னலடி வெந்நீர்க் குழாயை ஒட்டிய இருக்கை வாரம் ஒருவருக்கு.

புதிய தலைவன் அர்சென். அந்தக் காலத்து அரசன் கானைப் போல வெள்ளைக் கம்பளத்தில் வைத்துத் தூக்க வேண்டுமாம். கம்பளம் கிடைக்கவில்லை, உடற்பயிற்சி மெத்தை, அதுவும் நீலம். மூன்றாவது தூக்கில் ஒரு மூலை நழுவியது. கானுக்கு மூக்கில் ரத்தம்.

"இது கணக்குல சேராதுடா, திரும்பத் தூக்குங்க" என்றான்.

நவம்பர் 12
குழாய் இருக்கையில் அர்சென். எங்கள் மலையூர் நாரினில் இப்போதே பனி. எனக்குக் கால் விறைக்கிறது.

நவம்பர் 14
ஒரு புரட்சி வென்றதா என்று எப்படிச் சொல்வது? கேட்டது என்ன, கிடைத்தது என்ன, சாட்சி என்ன என்று பார்க்க வேண்டும் என்றார் வரலாறு எடுக்கும் பூருல் அக்கா. நாட்டில் நடந்த புரட்சிகளை எடுத்தால் ஒவ்வொரு வீட்டு அப்பாவும் ஒவ்வொரு பக்கம் நின்று சண்டைக்கு வருவாராம். அதனால் எங்கள் வகுப்பின் திங்கட்கிழமைப் புரட்சிதான் பாடம். மதிப்பிடுவது நான்.

"தோத்தவ எழுதினா நியாயமா இருக்குமா அக்கா?" என்றான் அர்சென்.

"ஜெயிச்சவன் எழுதினா மட்டும் இருக்குமாடா?"

நவம்பர் 15
எழுதிவிட்டேன். முடிவு: படுதோல்வி. சாட்சி: என் கால்.

அக்கா சிவப்பு மையில் எழுதித் தந்தார்: 'கால் சாட்சி ஆகாது. புரட்சிக்கு முன் அந்த இருக்கையில் யார்?'

நான்தான். நாலு குளிர்காலமும். யாரும் கேக்கவே இல்லையே— கேட்டாங்களா? சயிரா ஒரு தடவை இருமிக்கிட்டே கேட்டா. தலைவிதான் உட்காரணும்னு சொன்னேன். ஐயோ, சொன்னேன்தானே.

இதை எழுதினால் இருக்கை எனக்குத் திரும்பக் கிடைக்காது. எழுதாவிட்டால்?

நவம்பர் 18
வாசித்தேன். முதல் கோரிக்கை நிறைவேறியது. இரண்டாவது இல்லை: முன்பு தலைவி உட்கார்ந்தாள், இப்போது தலைவன். சயிராவின் இருமலையும் வாசித்தேன். 

"எந்திரிடா" என்றாள் சயிரா. அர்சென் எழுந்தான்.

பரிந்துரை எங்கே என்று அக்கா கேட்டார். அகரவரிசைப்படி வாரம் ஒருவர் என்றேன், யோசிக்காமல். எல்லோரும் கை தூக்கினார்கள்.

முதல் பெயர் அர்சென். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். எங்கள் மொழியின் எழுத்து வரிசையில் 'எ' கிட்டத்தட்டக் கடைசி. என் வாரம் மே மாதத்தில் வருகிறது. வெந்நீரை ஏப்ரலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து.

எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதை அந்தக் குழாய் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஐந்து நிமிடம்தான். பள்ளிக் காவலர் வகுப்பு விளக்குகளை அணைத்துவிட்டார்.