காஜாவின் பெட்டிக்குப் போட்ட பூட்டு

என் தம்பி காஜா,

போன வெள்ளிக்கிழமை உன் உம்மா அடுக்களையில் மயங்கி விழுந்துவிட்டார்கள். பதறாதே, பிழைத்துக்கொண்டார்கள். விழவைத்தது நீ செய்த பெட்டி.

என் மோட்டார் ரிப்பேர் கடையில் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டே நீ செய்த கம்ப்யூட்டர் அது. உள்ளங்கை அகலப் போர்டு, ஒரு சிப், ஒரு ஸ்பீக்கர், ஒரு பொத்தான்.

“இதெல்லாம் ஒரு கம்ப்யூட்டராலே?” என்று சிரித்தேன். ஒரு மணிக்கு அது உன் குரலில் கேட்டது: “உம்மா, மத்தியான மாத்திரய போட்டியா?” பொத்தானை அழுத்தினால், “நல்லது, பைய படு.” என் வியாபாரப் புத்தி முழித்துக்கொண்டது.

“விக்கதுக்கு முன்னால புரோகிராமப் பூட்டுலே. எவனாவது காப்பியடிச்சா நாம வாயப் பாக்கணும்.”

“பூட்டிட்டா மாத்த முடியாது அண்ணாச்சி. அழிச்சிட்டுதான் எழுதணும். ஆளுக்கு ஒரு மாதிரி மாத்தணும்லா?”

“லேப்டாப்புல புரோகிராமுக்கு இன்னொரு காப்பி இருக்குல்லா? அதுக்கும் பாஸ்வேர்டு போடு. எங்கிட்டகூடச் சொல்லாத.”

அந்தப் பாஸ்வேர்டை நீ சொல்லவே இல்லை. ஒரு விஷயத்திலாவது என் பேச்சை மீறியிருக்கக் கூடாதா? உம்மாவின் பெட்டியில்தான் முதலில் பூட்டிப் பார்த்தாய். மறுமாதம் மாரடைப்பில் நீ போய்விட்டாய்.

இப்போது டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். பெட்டிக்கு அது தெரியுமா? நீ கேட்கிறாய். எனக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த மிச்ச மாத்திரையை விழுங்கிவிட்டு, உன் பதிலுக்காக உம்மா பொத்தானை அழுத்துகிறார்கள்.

“போடாமலே அழுத்துங்க உம்மா” என்றேன்.

“எம் மவன்ட்ட பொய் சொல்லச் சொல்லுதியா?”

விவரம் தெரிந்தவரிடம் காட்டினேன். பூட்டை எடுத்தால் உன் குரலோடு எல்லாம் அழிந்துவிடுமாம். குரலையாவது காப்பாற்றலாமென்று செல்போனில் பதிந்து கொடுத்தேன். உம்மா தள்ளிவிட்டார்கள்.

“இதுல உள்ளவன் மவுத்தாயிட்டான். பெட்டில உள்ளவன் நேரத்துக்கு வாரான்.”

பிளக்கைப் பிடுங்கினால் உம்மா மறுபடி செருகிவிடுகிறார்கள். நாளைக் காலை அதை அழிக்கப்போகிறேன், காஜா. தானாகக் கெட்டுப்போச்சு என்று சொல்ல வாய் துறுதுறுக்கிறது. பழைய மோட்டாரைப் புதுசென்று விற்ற வாய்தானே. சொல்ல மாட்டேன். பூட்டச் சொன்னவனும் அழித்தவனும் நான்தான் என்று உம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகும் என்னை வீட்டுக்குள் விட்டால், தினமும் ஒரு மணிக்கு அங்கே இருப்பேன். விடாவிட்டால் மேலப்பாளையத்தில் உன் வீட்டு வாசலிலேயே நிற்பேன்.

கூடப் பிறக்காத
உன் அண்ணாச்சி